செம்பியன் மாதேவியின் வரலாற்றை எப்படி வாசிப்பது?

கேள்வி: எங்கள் தோட்டத்து ஆலயத்தில் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்ததும் பெண்கள் சிலர் உட்கார்ந்து ஒரு நூலைச் சேர்ந்து வாசிப்பது வழக்கம். இப்போது எடுத்திருப்பது சோழ அரசி செம்பியன் மாதேவியின் வாழ்க்கை வரலாறு. சரித்திர நாவல்களில் நாங்கள் அறிந்த அம்மையாரை இதில் காணவில்லை. எங்கு பார்த்தாலும் கல்வெட்டுச் செய்திகளும் ‘இருக்கலாம்’, ‘எனக் கருதலாம்’ என்னும் தயக்கமுமே உள்ளன. மகனை அரியணை ஏற்ற அவர் சூழ்ச்சி செய்தாரா என்பதற்கும் நேரான விடை இல்லை. நிறுத்திவிடலாமா?
– ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: நிறுத்த வேண்டாம், அம்மா. பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அந்த அரசி எழுதிய கடிதமோ நாட்குறிப்போ நம் கைக்கு வரவில்லை. அவர் கட்டுவித்த கற்றளிகளும் (கல்லால் கட்டிய கோயில்களும்), கொடுத்த நிலமும் பொன்னும், அவற்றைப் பற்றிக் கல்லில் வெட்டுவித்த எழுத்துமே நமக்குக் கிடைத்திருக்கின்றன. அந்த எழுத்து எங்கே முடிகிறது, தம் ஊகம் எங்கே தொடங்குகிறது என்று வாசகருக்குக் காட்டிக்கொண்டே செல்லும் நூலாசிரியரை நான் பெரிதும் மதிக்கிறேன்.

அவர் மழவரையர் குலத்து மகள். கண்டராதித்த சோழரின் தேவி. ஏறத்தாழ 957இல் கணவர் மறைந்தபோது மகன் மதுராந்தகன் சிறுவன். கணவரின் தம்பி அரிஞ்சயர், அவர் மகன் சுந்தர சோழர் ஆகியோருக்குப் பின்னரே, 970ஆம் ஆண்டையொட்டி, அந்த மகன் உத்தம சோழன் என்ற பெயரில் அரசனானான். 985இல் முடிசூடிய இராசராசன் காலத்திலும், ஏறத்தாழ 1001 வரை, அம்மையார் வாழ்ந்திருக்கிறார். சுந்தர சோழர் இறந்தபோது அவருடைய தேவி வானவன்மாதேவி உடன்கட்டை ஏறியதைத் திருக்கோவலூர்க் கல்வெட்டு கூறுகிறது. அதே அரண்மனையில் இவரோ கைம்பெண்ணாக நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, செங்கல் தளிகளாக இருந்த பாடல் பெற்ற தலங்கள் பலவற்றைக் கல்லால் எடுப்பித்தார். நாவல் தரும் எந்தக் காட்சியையும்விட எனக்கு இந்த நாற்பது ஆண்டுகள்தாம் வியப்பைத் தருகின்றன.

அம்மையாரின் உள்ளத்தை அறிய வேண்டுமானால் திருநல்லம் பற்றிய பகுதியை நிதானமாக வாசியுங்கள். இன்று கோனேரிராசபுரம் எனப்படும் அவ்வூரில் கணவரின் பெயரால் ஒரு கற்றளி எடுப்பித்து, அவர் சிவலிங்கத்தை வழிபடும் சிற்பத்தையும் அமைக்கச் செய்தார். அதன் கீழுள்ள எழுத்து, உத்தம சோழனைத் ‘திருவயிறு வாய்த்த’, அதாவது ஈன்ற, தேவியார் இதைச் செய்வித்தார் என்பதையும், வணங்கும் உருவம் கண்டராதித்தரே என்பதையும் சொல்கிறது. தில்லைக் கூத்தனைத் திருவிசைப்பாவால் பாடிய மன்னரை, வாளேந்திய கோலத்தில் அல்லாமல், வழிபடும் அடியாராகவே ஊர் நினைவில் நிறுத்த வேண்டும் என்று அவர் மனைவி முடிவு செய்திருக்கிறார்.

திருக்கோடிக்காவலையும் விட்டுவிடாதீர்கள். பழைய கோயிலைக் கல்லால் எடுத்துக் கட்டும்போது, முன்னோர் கொடைகளைக் கூறிய பழங்கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதிய சுவரில் மீண்டும் வெட்டுவித்திருக்கிறார்கள். ‘இதுவும் ஒரு பழங்கற்படி’ என்று குறிப்பும் எழுதியிருக்கிறார்கள். பல்லவர் காலத்துக் கொடையாளர்கூட இதனால் மறக்கப்படாமல் நிலைத்தார். தோட்டம் விற்கப்பட்டு ஆலயம் இடம் மாறும்போது பழைய உபயக் கற்களை உடைத்துப்போட்டுவிடும் நமக்கு இது நன்றாகவே புரிய வேண்டும்.

சூழ்ச்சி பற்றிய ஐயத்துக்கு வருகிறேன். சுந்தர சோழரின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் கொலையுண்டதற்குப் பின் உத்தம சோழன் பட்டம் பெற்றதால் எழுந்த பேச்சு அது. இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த உடையார்குடிக் கல்வெட்டு, சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலியோரைக் கொலைகாரர்களாகச் சொல்கிறது. அதில் அரசியின் பெயர் இல்லை. சிற்றப்பனான உத்தம சோழனுக்கு ஆசை இருந்தவரை அருள்மொழி (பின்னாளில் இராசராசன்) அரசை விரும்பவில்லை என்று திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகிறது. உத்தம சோழனுக்குப் பின் பட்டத்துக்கு வந்த இராசராசன் காலத்திலும் அம்மையாரின் திருப்பணிகளும் கொடைகளும் தடைப்படவில்லை. சான்று இவ்வளவே இருக்கும்போது, நேரான விடை தராத உங்கள் நூலாசிரியர் தம் கடமையைச் சரியாகவே செய்திருக்கிறார்.

கேள்வி: வாசிப்புக் குழுவினர் சிலர் திருச்சிக்கு விமானத்தில் செல்லவிருக்கிறோம். எந்தக் கோயிலைப் பார்க்கலாம்?
– அதே வாசகி

பதில்: ஒரே ஒரு நாள்தான் கிடைக்குமென்றால் கும்பகோணத்திலிருந்து காரைக்கால் செல்லும் வழியில் உள்ள கோனேரிராசபுரத்துக்கே செல்லுங்கள், அங்குள்ள பெரிய நடராசர் திருமேனியையும் தரிசிக்கலாம். இன்னொரு நாள் கிடைத்தால் நாகப்பட்டினத்துக்கு அருகே அம்மையாரின் பெயரையே தாங்கிய செம்பியன்மாதேவி என்னும் ஊருக்குச் சென்று கைலாசநாதர் கோயிலைப் பாருங்கள். நம் பாட்டன்மார் பலர் பினாங்குக்குக் கப்பலேறிய துறைமுகமும் நாகப்பட்டினம்தான் என்பதால், குழுவின் மூத்தவர்கள் அந்தப் பயணத்தைக் கட்டாயம் விரும்புவார்கள். நண்பகலில் நடை சாத்தினால் மாலைவரை காத்திருக்க நேரிடும். ஆகவே காலையிலேயே கோயிலுக்குச் சென்றுவிடுங்கள்.