கடற்காற்றுக்கும் மழைக்கும் தாங்கும் வீட்டு அலுவலக அலமாரி

மேசை, கோப்புகள், துணிமணி மூன்றும் ஒரே மர அலமாரிக்குள் அடங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். அடங்கும். நீங்களும் என்னைப் போலப் படுக்கையறையின் ஒரு மூலையில் அமர்ந்து வேலை பார்ப்பவராக இருப்பீர்கள் என்றெண்ணியே எழுதுகிறேன்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறேன். 2020இல் கணக்கு வேலையை வீட்டிலிருந்தே பார்க்க வேண்டி வந்ததும், மரத்தூளை அழுத்திச் செய்த மேசை ஒன்றை வாங்கினோம். ஐப்பசி மழை முடிவதற்குள் அதன் கால்கள் உப்பிப் பிளந்தன. கீல்கள் துருவேறிக் கதவு தொங்கியது. ஈரம் பட்டால் உத்தரவாதம் செல்லாது என்று விற்றவர்கள் கைவிரித்தார்கள். கடலோர ஊருக்கு அனுப்பும்போதே அதைச் சொல்லியிருக்க வேண்டாமா என்ற வருத்தம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் பண்ருட்டிப் பக்கம் எண்ணற்ற பலா மரங்கள் சாய்ந்தன. என் மாமனார் தோட்டத்தில் விழுந்த மரம் பலகையாக அறுபட்டு, ஒன்பது ஆண்டுகளாகக் கொட்டகையில் காய்ந்துகொண்டிருந்தது. ஆசாரி ஒரு பலகையை ஓரமாக நிறுத்தி, ஒற்றைக் கண்ணால் நீளவாக்கில் பார்த்துவிட்டு, "இது இனிமே முறுக்காதும்மா" என்றார்.

அந்தப் பலகைகளில் அவர் செய்து தந்த அலமாரியின் உயரம் 6 அடி, அகலம் 3 அடி, ஆழம் 16 அங்குலம். தரையிலிருந்து 29 அங்குல உயரத்தில் கீல் போட்ட முன்பலகையைச் சாய்த்தால் 20 அங்குல மேசை. தூக்கிப் பூட்டினால் கதவு. பலகையைச் சங்கிலியில் தொங்கவிட்டால் அது முழங்கையில் இடிக்கும் என்பதால், இழுப்பறை போல வெளியே வரும் இரண்டு கட்டைகள் பலகையைத் தாங்குகின்றன. பலகை சாயும்போது பாரம் முன்னால் வருவதால், அலமாரியைச் சுவரோடு திருகி முடுக்குவது கட்டாயம். மழைக்காலத்தில் மரம் அகலவாக்கில்தான் விரியும். ஆகவே பக்கப் பலகைகளைப் பசையிடாமல் சட்டத்தில் வெட்டிய காடிக்குள் (நீளப் பள்ளத்துக்குள்) செருகி, விரிவதற்கு இடம் விட்டார். கீலும் திருகும் பித்தளை. கூட்டித் துடைக்கவும் தரையின் ஈரம் ஏறாதிருக்கவும் 6 அங்குலக் கால்கள். மின்கம்பிகளுக்கும் சூடு வெளியேறுவதற்கும் பின்பலகையில் துளைகள். கீழ்ப்பகுதி முழுவதும் துணிக்கு.

பழைய பலகை எல்லோருக்கும் வாய்க்குமா என்று சிலர் கேட்கலாம்; நியாயமான கேள்விதான். நான் ப்ளைவுட்டுக்கு எதிரியல்ல. ஈரம் தாங்கும் ப்ளைவுட்டுக்கான ஐ.எஸ். 710 தரத்தில் 18 மில்லிமீட்டர்ப் பலகை எடுத்து, அறுத்த ஓரங்களை ஒன்றுவிடாமல் மூடினால், ஈரத்தை நன்றாகவே தாங்கும்.

ஆசாரி வருவதற்கு முன் உங்கள் கோப்புகளை அளந்துவிடுங்கள். நான் அளக்காமல் மேல்தட்டுக்கு 13 அங்குலம் சொல்லிவிட்டேன். என் பெட்டிக் கோப்புகளின் உயரம் 14 அங்குலம். அவை இன்றுவரை படுத்தே கிடப்பதால், அடியில் உள்ளதை எடுக்க ஒவ்வொரு முறையும் மேலே உள்ள எல்லாவற்றையும் இறக்குகிறேன்.