ஸாம்பி யாருடைய பாட்டு?

வணக்கம் அண்ணா,

என் மகள் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கல்லூரி விழாவில் அவளும் தோழிகளும் கிரான்பெரீஸ் என்ற அயர்லாந்து ராக் குழுவின் ‘ஸாம்பி’ பாட்டைப் பாடப்போகிறார்கள், வீட்டில் ஒரு மாதமாக அதே பாட்டுதான். ஏதோ பேய்ப் பாட்டு என்று நினைத்திருந்தேன். வீடியோவைப் பார்த்தால் துப்பாக்கியோடு சிப்பாய்கள், சுவரெல்லாம் ஓவியம், தெருவில் விளையாடும் பையன்கள். இணையத்தில் தேடினேன். பிரிட்டிஷ் ராணுவத்துக்கு எதிரான பாட்டு என்கிறார் ஒருவர். அயர்லாந்து விடுதலைப் போராளிகளைக் கொச்சைப்படுத்தும் பாட்டு, மானமுள்ள அயர்லாந்துக்காரன் பாட மாட்டான் என்கிறார் இன்னொருவர். உண்மையில் இது யார் பக்கம்? என் மகள் பாடலாமா?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

தாராளமாகப் பாடட்டும். ஆனால் யார் பக்கம் என்பதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. இந்தப் பாட்டைப் பற்றி நீங்கள் இணையத்தில் பார்த்த அந்தச் சண்டை அயர்லாந்தில் இன்னும் ஓயவில்லை.

1993 மார்ச் 20, சனிக்கிழமை. இங்கிலாந்தில் வாரிங்டன் என்ற ஊரின் கடைத்தெரு. மறுநாள் அங்கே அன்னையர் தினம் என்பதால் வாழ்த்து அட்டை வாங்கவும் பரிசு வாங்கவும் கூட்டம். பிரிட்டன் வசமிருக்கும் வட அயர்லாந்தை அயர்லாந்தோடு சேர்க்க ஆயுதம் ஏந்திய ஐ.ஆர்.ஏ. என்கிற ஐரிஷ் குடியரசுப் படை அந்தத் தெருவில் இரண்டு குண்டுகளை வைத்திருந்தது, இரண்டையும் குப்பைத் தொட்டிக்குள். வார்ப்பிரும்புத் தொட்டி. வெடித்தபோது தொட்டியே துண்டு துண்டாகச் சிதறி ஆட்களின் மேல் பாய்ந்தது. முதல் சத்தம் கேட்டு ஓடியவர்களில் சிலர் இரண்டாவது குண்டு இருந்த பக்கமாகவே ஓடினார்கள். 3 வயது ஜானதன் பால் அங்கேயே இறந்தான். 12 வயது டிம் பாரி ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்தான்.

கிரான்பெரீஸ் பாடகி டொலோரஸ் ஓரியர்டனுக்கு அப்போது 21 வயது, குழுவோடு இங்கிலாந்தில் சுற்றுப்பயணத்தில் இருந்தார். சொந்த ஊர் தெற்கு அயர்லாந்தில், லிமெரிக் பக்கத்துக் கிராமம். அந்தச் செய்தி உலுக்கியதில்தான் இந்தப் பாட்டை அவர் தனியாக உட்கார்ந்து எழுதினார். அது வெளிவந்தது 1994 செப்டம்பரில். ஐ.ஆர்.ஏ. போர்நிறுத்தம் அறிவித்து அப்போது ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

பாட்டில் வருகிற ஒரே ஆண்டு 1916. எல்லாப் பிரச்சினையும் அந்த ஒற்றை எண்ணில்தான் தொடங்குகிறது. 1916 ஈஸ்டர் வாரத்தில் டப்ளினில் பிரிட்டனுக்கு எதிராக எழுச்சி நடந்தது, ஒரு வாரத்தில் அடக்கிவிட்டார்கள், தலைவர்களைச் சிறைக்குள் நிறுத்திச் சுட்டுக்கொன்றார்கள். அயர்லாந்துக்காரர்களுக்கு அது புனிதமான ஆண்டு. அதைக் கொண்டுபோய் ‘அன்று முதல் இதே பழைய கதைதான்’ என்கிற மாதிரி ஒரு வரியில் வைத்தால் கோபம் வரத்தான் செய்யும்.

ஆனால் இதையும் பாருங்கள். அந்த எழுச்சியின்போது டப்ளின் தலைமைத் தபால் நிலையத்தின் முன் நின்று வாசித்த பிரகடனம், கடவுளின் பெயராலும் இறந்துபோன தலைமுறைகளின் பெயராலும் என்றுதான் தொடங்குகிறது. செத்தவர்கள் உயிரோடு இருப்பவர்களுக்குக் கட்டளையிடுகிறார்கள். 77 வருஷம் கழித்து ஒரு பெண் அதே கட்டளையைக் கேட்கிறாள், இந்த முறை அது கடைத்தெருக் குப்பைத் தொட்டியில் போய் முடிந்திருக்கிறது. ஸாம்பி, அதாவது எழுந்து நடக்கும் பிணம், என்ற சொல் அங்கிருந்துதான் வருகிறது என்று நான் நினைக்கிறேன். எழுந்து நடப்பது பிணங்கள் என்று அவர் பாடவில்லை, உன் தலைக்குள் அவர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்கிறார். 1916-ஐ அவர் இகழ்வதாக எனக்குத் தோன்றவில்லை. அந்த ஆண்டின் பேரில் இன்னும் எத்தனை பிள்ளைகள் என்று கேட்கிறார்.

சரி, எதிர்ப்பவர்கள் சொல்வதில் நியாயமே இல்லையா? இருக்கிறது. பாட்டில், இது நானில்லை, என் குடும்பமில்லை என்று ஒரு வரி வருகிறது. ஐ.ஆர்.ஏ. என்றால் நாங்கள் அல்ல, எங்கள் பெயரால் கொல்லாதே என்பதுதான் அதன் பொருள் என்று டொலோரஸே விளக்கியிருக்கிறார். லிமெரிக்கில் பிறந்தவருக்கு அந்த வரி பொருந்தும். எல்லைக்கு அந்தப் பக்கம், வட அயர்லாந்தின் டெர்ரியில் இருக்கும் ஒரு கத்தோலிக்கக் குடும்பம் அதை எப்படிச் சொல்லும்? 1969 ஆகஸ்டில் அவர்கள் தெருவுக்குள் பிரிட்டிஷ் ராணுவம் வந்தது. 1972 ஜனவரி 30, ஞாயிற்றுக்கிழமை, ஊர்வலம் போனவர்களைப் பாராசூட் படை சுட்டதில் 13 பேர் அன்றே செத்தார்கள், இன்னொருவர் பிறகு இறந்தார். நடந்தது தவறு என்று ஒரு பிரிட்டிஷ் பிரதமர் மன்னிப்புக் கேட்க 2010 வரை ஆனது. அந்தத் தெருவில் எல்லாமே அவர்கள் குடும்பத்துக்குத்தான் நடந்தது. அவர்களுக்கு இந்த வரி, தெற்கில் இருப்பவர்கள் கையைக் கழுவிக்கொண்ட மாதிரி கேட்கிறது. 2023 உலகக்கோப்பை ரக்பியின்போது பாரிஸ் மைதானத்தில் அயர்லாந்து ரசிகர்கள் இந்தப் பாட்டை ஒரே குரலில் பாடியபோது, வடக்கிலிருந்து எழுந்த முணுமுணுப்பு இதுதான். இத்தனைக்கும் அது வடக்கும் தெற்கும் சேர்ந்து ஆடுகிற அணி.

அந்த வலியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அந்த வரி எழுதியவர் நின்ற இடத்தைக் காட்டிவிடுகிறது. ஆனால் அதை வைத்து மொத்தப் பாட்டையும் ராணுவத்தின் பக்கம் தள்ளிவிட முடியாது. சண்டை போடுகிறவர்களின் கையில் என்னென்ன இருக்கிறது என்று பாட்டு வரிசையாகச் சொல்லுமே, அதைக் கவனித்துக் கேளுங்கள்: டாங்கி, குண்டு, அப்புறம் துப்பாக்கி. ஐ.ஆர்.ஏ.விடம் டாங்கி ஏது? 1972 ஜூலை 31 அன்று டெர்ரியில் மக்கள் போட்டிருந்த தடுப்புகளை உடைக்க, முன்னால் புல்டோசர் தகடு மாட்டிய செஞ்சூரியன் டாங்கிகளைக் கொண்டுவந்தது பிரிட்டிஷ் ராணுவம். ஆக, குப்பைத் தொட்டியில் குண்டு வைத்தவனும் டாங்கியோடு தெருவில் இறங்கியவனும் அந்த ஒரே வரியில் நிற்கிறார்கள்.

வீடியோ இதை இன்னும் வெளிப்படையாகச் செய்கிறது. எடுத்தவர் சாமுவேல் பேயர், இடம் வட அயர்லாந்தின் தலைநகர் பெல்ஃபாஸ்ட். உங்களை உலுக்கிய அந்தச் சிப்பாய்கள் நடிகர்கள் அல்ல, அங்கே ரோந்து போய்க்கொண்டிருந்த நிஜ ராணுவத்தினர். அதே தெருவில் பையன்கள் போர் விளையாடுகிறார்கள். பிபிசி அதை ஒளிபரப்ப மறுத்துவிட்டது.

நான் இந்தப் பாட்டை முதலில் கேட்டது கல்லூரி விடுதியில், தேய்ந்துபோன ஒரு கேசட்டில். கிடார் கற்றுக்கொள்கிற எல்லாரும் இதில்தான் ஆரம்பிப்பார்கள், இ மைனர், சி, ஜி, டி என்று நாலே கார்டு. அப்போது எனக்கு அர்த்தம் தெரியாது. ஆனால் ‘ஸாம்பி’ என்று சொல்லும்போது டொலோரஸின் குரல் உடைந்து மேலே ஏறுகிறதே, அங்கே எனக்கு ஊரில் எழவு வீட்டில் கேட்ட ஒப்பாரி ஞாபகம் வந்தது. அது இன்றும் மாறவில்லை. உங்கள் மகளிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: அந்த இடத்தை அழகாகப் பாட வேண்டாம்.

2018 ஜனவரியில் டொலோரஸ் 46 வயதில் இறந்தார். டிம்மின் அப்பா காலின் பாரி, மகன் போன பிறகு அமைதிப் பணியிலேயே வாழ்க்கையைச் செலவிட்டவர். அந்த மரணச் செய்திகளுக்கு நடுவில்தான் அவருக்குத் தெரியவந்தது, இத்தனை வருஷம் உலகம் பாடிக்கொண்டிருந்த இந்தப் பாட்டு அன்று வாரிங்டனில் நடந்ததைப் பற்றியது என்று. மனைவி சொல்லி, மடிக்கணினியில் பாட்டைப் போட்டு, உட்கார்ந்து வரி வரியாகக் கேட்டாராம்.

அன்புடன்.