கத்தோலிக்கர்கள் இறந்தவர்களுக்காக ஜெபிக்கிறார்கள், மற்ற கிறிஸ்தவ சபையினர் ஏன் அப்படிச் செய்வதில்லை?

நான் கத்தோலிக்கன், மனைவி வீட்டார் சி.எஸ்.ஐ. என்ற சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபையினர். இரண்டு வீட்டுத் துக்கத்திலும் உடனிருந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

இறந்தவருக்கு நம்மால் இனி ஏதாவது செய்ய முடியுமா? பிரிவு இந்த ஒரு கேள்வியில்தான். முடியும் என்கிறது கத்தோலிக்கத் திருச்சபை. கடவுளின் அருளோடு இறந்தும் இன்னும் முழுத் தூய்மை அடையாதவர்கள் உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருக்கிறார்கள். அவர்கள் மோட்சம் சேர்வது உறுதி. நம் ஜெபமும் பூசையும் அவர்களுக்குத் துணை. மக்கபேயர் இரண்டாம் நூல் 12ஆம் அதிகாரத்தில், போரில் மடிந்த வீரர்களின் பாவத்துக்காகப் பலி கொடுக்கச் சொல்லி யூதத் தளபதி யூதா மக்கபே எருசலேமுக்குப் பணம் அனுப்புவதை இதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள்.

சீர்திருத்த சபைகளின் பைபிளில் அந்த நூல் இல்லை. போதாததற்கு, கத்தோலிக்கத் திருச்சபையில் இறந்தவர்களின் பெயரைச் சொல்லிப் பாவமன்னிப்புச் சீட்டு விற்ற கதையும் இருக்கிறது. சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த ஜெர்மன் துறவி மார்ட்டின் லூத்தர் 1517இல் கொதித்தெழுந்ததே அதை எதிர்த்துத்தான். அந்தக் கோபம் நியாயமானது. ஆகவே அவர்கள், "ஒரேதரம் மரிப்பதும், பின்பு நியாயத்தீர்ப்படைவதும்" என்ற எபிரெயர் வசனத்தில் நின்றுவிடுகிறார்கள். என் மாமனாரின் நினைவு நாளில் குருவானவர் வருவார், பாமாலை பாடுவோம், அவரைத் தந்ததற்காகக் கடவுளுக்கு ஸ்தோத்திரம் செலுத்துவோம், பிள்ளைகளின் ஆறுதலுக்காக ஜெபிப்போம். அவருக்கென்று எதையும் கேட்க மாட்டார்கள். அவர் கர்த்தரிடத்தில் இளைப்பாறுகிறார், இனி என்ன குறை என்பதுதான் அவர்கள் விசுவாசம்.

ஆனால் இறந்தவர்களுக்காக ஜெபிக்க உத்தரிக்கிற ஸ்தலக் கோட்பாடு இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. கிரீஸ், ரஷ்யா போன்ற நாடுகளில் உள்ள கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகள் அந்தக் கோட்பாட்டை ஏற்பதில்லை. ஆனாலும் மூன்றாம், ஒன்பதாம், நாற்பதாம் நாட்களில் வேகவைத்த கோதுமையை ஆசீர்வதித்து இறந்தவருக்காக வேண்டுகிறார்கள். பழக்கம் அவ்வளவு பழையது. 387இல், ஆதித் திருச்சபையின் பெரிய அறிஞரான புனித அகுஸ்தீனாரின் தாய் மோனிக்கா, சொந்த மண்ணான ஆப்பிரிக்காவுக்குத் திரும்பும் வழியில் ரோமை அடுத்த ஓஸ்தியாவில் மரணப் படுக்கையில் கிடந்தார். கணவர் பக்கத்திலேயே தன்னையும் புதைக்க வேண்டும் என்று வெகுகாலம் ஆசைப்பட்டவர், கடைசியில், உடலை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள், ஆண்டவரின் பீடத்தில் மட்டும் என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னார். எனக்கு இந்த விஷயத்தில் இதைவிடப் பெரிய விளக்கம் தேவைப்பட்டதில்லை.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பிரான்சில் க்ளூனி மடத்தின் தலைவர் ஓதிலோ ஏற்படுத்தியது. அவரவர் குடும்பத்தாரை மட்டுமல்ல, இறந்த விசுவாசிகள் எல்லாரையும் அன்று நினைக்க வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். முதல் உலகப் போரில் பிணங்கள் குவிந்துகொண்டிருந்த 1915இல், போப் 15ஆம் பெனடிக்ட், அன்று ஒவ்வொரு குருவும் மூன்று பூசை வைக்கலாம் என்று அனுமதித்தார். அதில் ஒன்று இறந்தோர் அனைவருக்குமானது.

எங்கள் ஊரில் இன்றும் அந்த எண்ணம் அப்படியே இருக்கிறது. அக்டோபர் கடைசியிலேயே புல் செதுக்கி, கல்லறைக்கு வெள்ளை அடித்துவிடுவார்கள். அன்று செவ்வந்தி மாலை, ஊதுபத்தி. ஐப்பசி மழைக் காற்றில் மெழுகுவர்த்தி அணையாமலிருக்க, பாதியாக வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலைக் கவிழ்த்து வைப்பார்கள். சாமியார் ஒவ்வொரு வரிசையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வருவார். சிலுவை சாய்ந்து பெயர் அழிந்துபோன மேடுகளிலும் யாராவது ஒரு திரி ஏற்றியிருப்பார்கள். வீட்டு ஜெபத்திலும் நம்மவர்கள் பெயரெல்லாம் முடிந்ததும், "யாரும் நினையாத ஆத்துமாக்களுக்காக" என்று அம்மா ஒன்று சேர்ப்பார். என்னைக் கேட்டால், எங்கள் மரபில் மிக அழகானது அதுதான்.

அப்புறம் ஒன்று. என் மனைவியும் நவம்பர் 2 அன்று அவள் அப்பா கல்லறைக்குப் பூவோடு போகிறாள். சென்னையில் கீழ்ப்பாக்கம் கல்லறைக்கு அன்று போனால் இரு சபையாரையும் பார்க்கலாம். உங்களை யாராவது அழைத்தால் தயங்காமல் போங்கள். மெழுகுவர்த்தி கொண்டுபோனால் போதும். ஜெபம் தெரிய வேண்டியதில்லை. இறந்தவரைப் பற்றி இரண்டு வார்த்தை கேளுங்கள், வீட்டார் ஆசையாகப் பேசுவார்கள்.