கேம் பாய் அட்வான்ஸ்: புதுத் திரையில் வெளிச்சம் கூட்டினால் அணைந்துவிடுகிறது

நிண்டெண்டோவின் கையடக்க கேம் செட்டான கேம் பாய் அட்வான்ஸ், புதுத் திரை மாட்டியபின் அணைந்துவிடுகிறது, திரையை மாற்ற வேண்டுமா என்று திருப்பூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். திரையை மாற்ற வேண்டாங்க, பவர் ஸ்விட்சைச் சுத்தம் செய்யுங்கள். ஐபிஎஸ் திரை (பின்னொளியோடு வரும் புது வகை எல்சிடி) மாட்டி, வெளிச்சத்தைக் கூட்டியதும் செட் அணைகிறது என்றால் பெரும்பாலும் அந்த ஸ்விட்ச்தான் காரணம்.

2001-இல் வந்த இந்த செட்டுக்குப் பின்னொளியே கிடையாது. புதுத் திரை கூடுதல் கரண்ட் இழுக்கும். ஸ்விட்சுக்குள் களிம்பு பிடித்திருந்தால் வோல்டேஜ் அங்கேயே இறங்கிவிடும். உங்கள் ஊர் திருப்பூர் என்பதால் பனியன் பஞ்சும் கொஞ்சம் போயிருக்கலாம், என்னுடையதில் இருந்தது!

முதலில் வெளிச்சத்தைக் குறைத்து செட்டை ஓடவிட்டு, ஸ்விட்சுக்குள் கரண்ட் நுழையும் காலுக்கும் வெளியேறும் காலுக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். 0.2 வோல்ட் காட்டினாலே ஸ்விட்ச்தான் குற்றவாளி.

அப்புறம் செல்லைக் கழற்றிவிட்டு, 99 சதவீத ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் இரண்டு சொட்டு விட்டு, முப்பது தடவை ஆன், ஆஃப் செய்யுங்கள். நன்றாகக் காயட்டும்.

பின்மூடிக்கு மூன்று கிளைத் திருப்புளி வேண்டும். சாதா திருப்புளியால் நெம்பி ஒரு ஸ்க்ரூவின் தலையை நானே மழுக்கியிருக்கிறேன்.

ஒன்று, ரீசார்ஜ் செல் 1.2 வோல்ட்தான். பழைய செல்லாக இருந்தால் ஸ்விட்ச் சுத்தமாக இருந்தாலும் அணையும். புது ஆல்கலைன் போட்டுப் பார்த்துவிட்டே பிரியுங்கள். அதே அளவில் வரும் 3.7 வோல்ட் லித்தியம் செல்லை மட்டும் போட்டுவிடாதீர்கள். செட்டில் போடும் இரண்டு செல்லும் சேர்ந்தால் 7.4 வோல்ட், போர்டு போய்விடும்.