சீசன் முடிந்தது, கலாய்ப்பு முடியவில்லை: வாசகர் கேள்வி பதில்

இங்கிலாந்தின் உச்சக் கால்பந்துத் தொடரான பிரீமியர் லீக்கின் 2024-25 சீசன் மே 25-ஆம் தேதி முடிந்துவிட்டது. இந்த முறை வந்த கேள்விகளில் ஆட்டத்தைப் பற்றிக் கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். எதிரணி நண்பனை எப்படிக் கலாய்ப்பது, அவன் கலாய்த்தால் என்ன பதில் சொல்வது என்று கேட்டவர்களே அதிகம். சரி, இந்த இதழ் முழுக்க அதுவே இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் குழுவில் இருக்கும் ஆர்சனல் நண்பன் சீசன் முடிகிற நேரத்தில் 'புனித டாட்டரிங்ஹாம் தின வாழ்த்துகள்' என்று அனுப்புகிறான். யார் சார் அந்தப் புனிதர்?
(புதிதாகப் பார்க்கத் தொடங்கியவர்)

பதில்: அப்படி ஒரு புனிதர் இல்லை. பரம எதிரி அணியான டாட்டன்ஹாமின் பெயரையும், தள்ளாடுவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் ஒட்டி ஆர்சனல் ரசிகர்கள் உண்டாக்கிய பண்டிகை அது. மிச்சமிருக்கும் எல்லா ஆட்டத்தையும் ஜெயித்தாலும் இனி டாட்டன்ஹாம் ஆர்சனலைத் தாண்ட முடியாது என்று புள்ளிக் கணக்கு உறுதியாகிற நாள் எதுவோ, அதுதான் பண்டிகை. அதனால் தேதி வருடத்துக்கு வருடம் மாறும், சில வருடம் வரவே வராது.

இதன் வேர் நூறு வருடத்துக்கும் மேல் பழையது. தேம்ஸ் நதிக்குத் தெற்கே உல்விச் பக்கம் இருந்த ஆர்சனல் 1913-ல் வடக்கு லண்டனில் ஹைபரிக்குக் குடிவந்தது. அங்கே ஏற்கெனவே டாட்டன்ஹாம் இருந்தது. போதாததற்கு 1919-ல், போருக்குப் பிறகு முதல் டிவிஷனை 20 அணியிலிருந்து 22 அணியாகப் பெருக்கியபோது, இரண்டாம் டிவிஷனில் இருந்த ஆர்சனலை ஓட்டுப் போட்டு மேலே சேர்த்தார்கள். முதல் டிவிஷனில் கடைசி இடத்தில் இருந்த டாட்டன்ஹாம் கீழே போனது. 18 ஓட்டு ஆர்சனலுக்கு, 8 ஓட்டு டாட்டன்ஹாமுக்கு. 'எங்கள் இடத்தை ஆட்டத்தில் ஜெயித்து வாங்கவில்லை, கூட்டத்தில் வாங்கினீர்கள்' என்று டாட்டன்ஹாம்காரர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். அந்த ஓட்டைப் பற்றி நேற்று நடந்தது போலச் சண்டை போடுகிற இருபது வயதுப் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன், எனக்கு அதில் பெரிய மகிழ்ச்சி.

1995-96 தொடங்கி 21 சீசன் இந்தப் பண்டிகை தவறவே இல்லை. அதில் 2016-ஐச் சொல்லாமல் விட முடியாது. கடைசி நாளில் டாட்டன்ஹாம் இரண்டாம் இடம், ஆர்சனல் மூன்றாம் இடம். டாட்டன்ஹாமுக்கு ஒரு டிரா போதும், எதிரே இருப்பதோ ஏற்கெனவே ரெலிகேட் ஆகிவிட்ட (அதாவது கீழ் டிவிஷனுக்கு இறக்கப்பட்ட) நியூகாசில், அதுவும் பாதியில் ஒருவர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேற 10 பேருடன் ஆடியது. முடிவு 5-1, நியூகாசிலுக்கு. ஆர்சனல் அதே நேரத்தில் ஆஸ்டன் வில்லாவை 4-0 என்று அடித்து ஒரு புள்ளி முன்னால் போய்விட்டது. 71, 70. இரண்டு குதிரை மட்டுமே ஓடிய பந்தயத்தில் மூன்றாவதாக வந்த அணி என்று இன்னும் ஓட்டுகிறார்கள், ஏனென்றால் அந்த வருடம் முழுக்க டாட்டன்ஹாம் துரத்தியது சாம்பியன் லெஸ்டரை.

அப்புறம் 2017-ல் சக்கரம் சுற்றியது. அந்த வருடம் ஏப்ரல் 30 அன்று டாட்டன்ஹாம் ஆர்சனலை 2-0 என்று ஜெயித்து, அந்த சீசனில் ஆர்சனலுக்கு மேலேதான் என்பதை உறுதி செய்தது. தொடர்ந்து ஆறு சீசன் டாட்டன்ஹாமே மேலே இருந்தது. 2022-23-ல்தான் பண்டிகை திரும்ப வந்தது. உங்கள் நண்பன் அடுத்த முறை வாழ்த்து அனுப்பினால், நடுவில் அந்த ஆறு வருடம் எங்கே போயிருந்தாய் என்று கேளுங்கள்.

கேள்வி: நாங்கள் 17-ஆவது இடம். ஆனால் ஐரோப்பிய அணிகளின் இரண்டாம் நிலைத் தொடரான யூரோப்பா லீக் கோப்பை எங்களிடம். ஆர்சனல் நண்பன் இரண்டாவது இடம், கையில் ஒன்றுமில்லை. கலாய்க்கும் உரிமை யாருக்கு? தீர்ப்புச் சொல்லுங்கள்.
(டாட்டன்ஹாம் ரசிகர்)

பதில்: உங்களுக்குத்தான், எனக்குத் துளியும் சந்தேகமில்லை. லீக்கில் 22 தோல்வி, வெறும் 38 புள்ளி, ரெலிகேஷன் கோட்டுக்கு ஒரு படி மேலே. அதெல்லாம் உண்மைதான், அதை மறைக்காதீர்கள், நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். ஆனால் மே 21 அன்று பில்பாவோவில் மான்செஸ்டர் யுனைடெடை 1-0 என்று ஜெயித்துக் கோப்பையைத் தூக்கியவர்கள் நீங்கள். 2008 லீக் கோப்பைக்குப் பிறகு (அது லீக் பட்டம் இல்லை, தனி நாக்அவுட் தொடர்) 17 வருடம் கழித்து ஒரு கோப்பை. அதோடு அடுத்த வருடம் ஐரோப்பாவின் முதன்மைத் தொடரான சாம்பியன்ஸ் லீக்கிலும் இடம். ஆர்சனலோ தொடர்ந்து மூன்றாவது முறையாக இரண்டாம் இடம். நல்ல அணி, அழகான ஆட்டம், அதை ஒத்துக்கொள்ள வேண்டும், ஆனால் இரண்டாம் இடத்துக்குக் கோப்பை கொடுப்பதில்லையே.

பயிற்சியாளர் போஸ்டகோக்லுவை நினைத்தால்தான் எனக்கு மனசு கனக்கிறது. எங்கே போனாலும் இரண்டாவது வருடத்தில் எதையாவது ஜெயிப்பேன் என்று சீசன் தொடக்கத்தில் சொன்னார், எல்லோரும் அதை வைத்தே மாதக்கணக்கில் ஓட்டினார்கள், அவர் சொன்னதைச் செய்து காட்டினார். ஜூன் 6 அன்று அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். அவரைக் கலாய்த்தவர்கள் எல்லோரும் ஒரு மன்னிப்புக் கடன்பட்டிருக்கிறார்கள்.

இன்னொன்று, உங்கள் குழுவில் யுனைடெட் ரசிகர் இருந்தால் அவரிடம் ஒரே எண்ணைச் சொன்னால் போதும்: நான்கு. லீக்கில் இரண்டு, லீக் கோப்பையில் ஒன்று, இறுதிப் போட்டி ஒன்று. ஒரே சீசனில் நான்கு முறை அவர்களை ஜெயித்திருக்கிறீர்கள்.

கேள்வி: எதிரி அணி சாம்பியன் ஆகக்கூடாது என்பதற்காக என் அணியே தோற்க வேண்டும் என்று ஆசைப்படுவது தப்பா?
(பெயர் வேண்டாம்)

பதில்: பெயர் வேண்டாம் என்று எழுதியதிலேயே பாதி பதில் இருக்கிறது!

2024 மே 14-ஐ நினைத்துப் பாருங்கள். டாட்டன்ஹாம் மைதானத்தில் மான்செஸ்டர் சிட்டி. டாட்டன்ஹாம் ஒரு டிரா எடுத்தால்கூட ஆர்சனலுக்கு லீக் பட்டம் கிட்டத்தில் வந்துவிடும். உள்ளூர் ரசிகர்கள் என்ன செய்வார்கள்? கணிசமானவர்கள் தங்கள் அணி 2-0 என்று தோற்றதைப் பார்த்து ஆர்சனலைச் சீண்டிப் பாடினார்கள். கடைசி நேரத்தில் டாட்டன்ஹாமின் சன் தனியாக கோல் கீப்பர் முன்னால் போய் நின்றபோது, அந்தப் பந்து உள்ளே போக வேண்டுமா வேண்டாமா என்று எத்தனை ஆயிரம் பேர் மூச்சைப் பிடித்திருப்பார்கள்! சிட்டி கீப்பர் ஒர்டேகா காலால் தடுத்தார். சிட்டி 91 புள்ளியுடன் சாம்பியன், ஆர்சனல் 89.

எனக்கு இது பிடிக்கவில்லை. வேறு இரண்டு அணிகள் ஆடும்போது யார் தோற்க வேண்டும் என்று ஆசைப்பட்டுக்கொள்ளுங்கள், அது உங்கள் உரிமை. 2012 மே 13 அன்று சண்டர்லாந்து ரசிகர்கள் செய்தது அந்த வகை. அவர்கள் அணி சொந்த மைதானத்தில் யுனைடெடிடம் 1-0 என்று தோற்றிருந்தது. அங்கே மான்செஸ்டரில் 93 நிமிடம் 20 விநாடியில் அகுவேரோ அடித்த கோலில் சிட்டி 3-2 என்று ஜெயித்த செய்தி வந்ததும், யுனைடெட் வீரர்கள் மைதானத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே முதுகைக் காட்டித் தோளோடு தோள் சேர்ந்து குதித்தார்கள். சிட்டி, யுனைடெட் இரண்டும் 89 புள்ளி, கோல் வித்தியாசத்தில் எட்டு கூடுதல் என்பதால் சிட்டி சாம்பியன். தங்கள் ஆட்டத்தில் சண்டர்லாந்து முழுமூச்சாக ஆடியது, ரசிகர்களும் ஆட்டம் முடியும் வரை தங்கள் அணிக்காகத்தான் கத்தினார்கள். கொண்டாட்டம் அதற்குப் பிறகு. உங்கள் அணி தோற்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் மைதானத்தில் ஓடுகிற பதினொரு பேரையும் கைவிடுகிறீர்கள், அதுதான் எனக்கு உறுத்துகிறது.

கேள்வி: வரலாற்றிலேயே சிறந்த கலாய்ப்பு எது?
(லிவர்பூல் ரசிகை)

பதில்: யுனைடெட் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டின் ஸ்ட்ரெட்ஃபோர்ட் எண்ட் பக்கம் தொங்கிய எண் பலகை. சிட்டி கோப்பை ஜெயித்து எத்தனை வருடம் ஆகிறது என்று யுனைடெட் ரசிகர்கள் வருடா வருடம் எண்ணை மாற்றிக்கொண்டே வந்தார்கள். 1976-க்குப் பிறகு சிட்டிக்கு ஒன்றுமில்லை, பலகை 35 வரைக்கும் வந்தது. 2011 மே 14 அன்று யாயா டூரே அடித்த ஒரே கோலில் சிட்டி எஃப்.ஏ. கோப்பையை ஜெயித்தது, பலகை இறங்கியது. அதே நாளில்தான் யுனைடெட் 19-ஆவது லீக் பட்டத்தை உறுதி செய்து உங்கள் லிவர்பூலின் 18-ஐத் தாண்டியது. இப்போது இரண்டு அணியும் 20, உங்கள் 20-ஆவது பட்டம் 2025 ஏப்ரல் 27 அன்று டாட்டன்ஹாமை 5-1 என்று அடித்து வந்தது. அடுத்தது யாருக்கு என்ற பேச்சு இனி பல வருடம் ஓடும்.

கேள்வி: என் மகன் லிவர்பூல், அவன் நண்பன் யுனைடெட். ஒருவரையொருவர் சீண்டிக்கொள்வது வழக்கம்தான். போன வாரம் இவன் மியூனிக் விமான விபத்தைச் சொல்லிக் கேலி செய்ய, அவன் ஹில்ஸ்பரோவைச் சொல்ல, இப்போது பேச்சே இல்லை. நான் தலையிடலாமா?
(ஒரு தாய்)

பதில்: தலையிடுங்கள் அம்மா, இன்றைக்கே.

1958 பிப்ரவரி 6 அன்று மியூனிக்கில் 23 பேர் இறந்தார்கள், அதில் எட்டுப் பேர் யுனைடெட் வீரர்கள். 1989 ஏப்ரல் 15 அன்று ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் சிக்கிய லிவர்பூல் ரசிகர்களில் 97 பேர் உயிர் இழந்தார்கள். ஆட்டம் பார்க்கப் போன பிள்ளைகள் அதில் உண்டு. உங்கள் மகனுக்கும் அவன் நண்பனுக்கும் இந்தப் பெயர்கள் பாட்டில் வரும் சொற்களாக மட்டும் தெரிந்திருக்கலாம். இரண்டு பேரையும் ஒன்றாக உட்கார வைத்து, என்ன நடந்தது என்பதை முழுசாகச் சொல்லுங்கள். திட்ட வேண்டிய அவசியமே இருக்காது.

ஹில்ஸ்பரோ நடந்த அடுத்த வாரம், அதே ஊரின் எதிரி அணியான எவர்ட்டனின் குடிசன் பார்க் மைதானத்திலிருந்து லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானம் வரைக்கும் ஸ்டான்லி பூங்காவைத் தாண்டி நீலமும் சிவப்புமாகக் கழுத்துத் துண்டுகளை முடிச்சுப் போட்டுக் கட்டினார்கள், அதைச் சொல்லுங்கள். 2023 மார்ச்சில், லிவர்பூலும் யுனைடெடும் மோதுவதற்கு முந்தைய நாள், அந்த அணிகளின் அப்போதைய பயிற்சியாளர்கள் கிளாப்பும் டென் ஹாக்கும் சேர்ந்து இந்த மாதிரிப் பாடல்களை நிறுத்தச் சொல்லி அறிக்கை விட்டார்கள், அதையும் சொல்லுங்கள். மறுநாள் லிவர்பூல் 7-0 என்று ஜெயித்தது. அந்த ஏழை வைத்து உங்கள் மகன் ஆயுசு முழுக்கக் கலாய்க்கலாம், அந்தப் பையனும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வான். வேண்டிய சரக்கு அதிலேயே இருக்கிறது.

முதலில் பேசியது உங்கள் மகன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முதல் மன்னிப்பும் அவனுடையதாகவே இருக்கட்டும்.

கேள்வி: 12 புள்ளி எடுத்துக் கீழே போன அணியின் ரசிகன் எதைக் கொண்டாடுவது?
(சவுத்தாம்ப்டன் ரசிகர்)

பதில்: அந்தப் பன்னிரண்டாவது புள்ளியை! ஏழு ஆட்டம் மிச்சமிருக்கும்போதே ரெலிகேஷன், பிரீமியர் லீக்கில் இவ்வளவு சீக்கிரம் யாரும் இறங்கியதில்லை. 2007-08-ல் டர்பி அணி எடுத்த 11 புள்ளிதான் மிகக் குறைவு என்ற சாதனை உங்கள் தலையில் விழ இருந்தது. மே 10 அன்று சிட்டியுடன் 0-0 டிரா, அதில் வந்தது அந்தப் புள்ளி. அன்று உங்கள் செயின்ட் மேரிஸ் மைதானத்தில் எழுந்த சத்தத்தைக் கேட்டவர்கள் சாம்பியன் அணி என்றே நினைத்திருப்பார்கள். உங்களை யாராவது ஓட்டினால் டர்பி என்று மட்டும் சொல்லுங்கள்.

கேள்வி: எல்லோருக்கும் பதில் சொல்கிறீர்களே, உங்கள் அணி எது? உங்களைக் கலாய்ப்பது யார்?
(பல வாசகர்கள்)

பதில்: எவர்ட்டன். கலாய்ப்பது ஒரு லிவர்பூல் நண்பன், முப்பது வருடப் பழக்கம்.

எங்கள் சண்டையில் எனக்கு ஒரு பலம் உண்டு. ஆன்ஃபீல்டில் முதலில் ஆடியது எவர்ட்டன்தான், 1884-லிருந்து 1892 வரை. வாடகைத் தகராறில் நாங்கள் காலி செய்து குடிசன் போனோம், காலி மைதானத்துக்காகவே ஜான் ஹோல்டிங் தொடங்கிய அணிதான் லிவர்பூல். ஏப்ரல் 27 அன்று அவன் பட்டம் ஜெயித்த போட்டோவை அனுப்பினான், 'எங்கள் பழைய வீட்டை நன்றாக வைத்திருக்கிறீர்கள், நன்றி' என்று பதில் போட்டேன். பிப்ரவரியில் குடிசனில் நடந்த கடைசி டெர்பியில் (ஒரே ஊர் அணிகள் மோதும் ஆட்டத்தில்) 98-ஆவது நிமிடம் எங்கள் டார்கோவ்ஸ்கி அடித்து 2-2 ஆக்கியபோது அவனுக்கு ஃபோன் போட்டேன், எடுக்கவில்லை. அந்த மைதானத்தில் 120 டெர்பி, இரண்டு பேரும் 41 வெற்றி. கணக்கு நேராக முடிந்ததில் அவனுக்கும் சந்தோஷம்தான், ஒத்துக்கொள்ள மாட்டான்.

மே 18 அன்று எங்கள் ஆண்கள் அணி குடிசனில் கடைசி ஆட்டம் ஆடியது. 133 வருடம். என்டியாய் இரண்டு கோல், சவுத்தாம்ப்டனை 2-0. விசில் ஊதியதும் நான் டிவியை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன். முதல் செய்தி அவனிடமிருந்து வந்தது: 'மச்சான், நல்ல மைதானம்டா. புது வீட்டுக்கும் நாங்கள் வருவோம், கதவைத் திறந்து வை.'

வரட்டும்.