11 வயது நாய்க்குப் புற்றுநோய்: சிகிச்சைக்குக் கடன் வாங்கலாமா?

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்கு 11 வயது. தாடைக்கு அடியிலும் பின்னங்கால் முட்டிக்குப் பின்புறமும் கட்டிகள் தென்பட்டதால் ஊசி வைத்துப் பரிசோதித்ததில், லிம்போமா எனும் நிணநீர் மண்டலப் புற்றுநோய் என்று போன வாரம் உறுதியாகிவிட்டது. பல மருந்துகளைச் சுழற்சியாகக் கொடுக்கும் கீமோதெரபி ஏறத்தாழ ஆறு மாதம் நடக்கும் என்றும், வேண்டாம் என்றால் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை மட்டும் கொடுக்கலாம் என்றும் மருத்துவர் சொன்னார். கீமோவுக்கான செலவு எங்கள் இருவருடைய நான்கு மாத வருமானத்துக்குச் சமம். ஐந்து மாதச் செலவுக்கான அவசரகால நிதி இருக்கிறது. மாதம் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு மிச்சமாகும். ஆண்டுக்கு 14 சதவீத வட்டியில் மூன்று ஆண்டு தனிநபர் கடன் தர வங்கி தயாராக இருக்கிறது. முதலில் மாத்திரையைக் கொடுத்துப் பார்ப்போம், கேட்காவிட்டால் கீமோவுக்குப் போவோம் என்கிறார் என் கணவர். கடன் வாங்கவா, ஓய்வுக்காலச் சேமிப்பில் கை வைக்கவா? அவனுக்காகச் செலவு செய்யக் கணக்குப் பார்ப்பதே எனக்குக் குற்ற உணர்ச்சியாக இருக்கிறது.

பதில்: கடிதத்தில் 'அவன்' என்று எழுதியிருக்கிறீர்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். கணக்குப் பார்ப்பதில் குற்றம் எதுவும் இல்லை. கணக்குப் பார்க்காமல் செலவு செய்தவர்கள்தான், என் அனுபவத்தில், கடைசி வாரத்தில் கையில் பணம் இல்லாமல் தவித்திருக்கிறார்கள், அந்த வரிசையில் நானும் ஒருவன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் உங்கள் கணவரின் யோசனையை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதற்குத்தான் அவகாசம் இல்லை. மலிவானதை முதலில் முயன்று பார்த்து, பலிக்காவிட்டால் விலை கூடியதற்குப் போவது பொதுவாக நல்ல பொருளாதாரம்தான். ஆனால் இந்த நோயில் அது பொருந்தாது. பிரெட்னிசோலோனைத் தனியாகக் கொடுக்கத் தொடங்கினால் சில நாட்களிலேயே கட்டிகள் சுருங்கி, பசி திரும்பி, வீட்டில் எல்லோருக்கும் மூச்சு வரும். அதே நேரத்தில் புற்றுநோய்ச் செல்கள் மருந்துகளுக்குப் பழகிப்போய், பிறகு தரப்படும் கீமோதெரபியின் பலன் குறைந்துவிடக்கூடும். ஆகவே மாத்திரையை இன்னும் தொடங்கவில்லை என்றால், எந்த வழி என்று முடிவெடுக்கும் வரை தொடங்குவதைத் தள்ளிப்போடலாமா என்று மருத்துவரிடம் நாளையே கேளுங்கள். சிகிச்சையே இல்லாமல் விட்டால் இந்த நோயில் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம்தான் என்பதால், யோசிப்பதற்கும் ஒரு வாரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ள முடியாது.

அடுத்து, நீங்கள் எதை வாங்கப் போகிறீர்கள் என்பது தெளிவாக வேண்டும். நாய்களின் லிம்போமாவில் கீமோதெரபியின் நோக்கம் பெரும்பாலும் குணப்படுத்துவது அன்று, நோயைச் சில மாதம் அடக்கி வைத்து நல்ல நாட்களைப் பெறுவது. பல மருந்துத் திட்டத்தில் ஏறத்தாழ ஓர் ஆண்டு உயிர் வாழும் என்று மருத்துவர் சொல்லியிருப்பார். அது இடைநிலை எண். அதாவது சிகிச்சை பெற்ற நாய்களில் பாதி அதற்குள்ளேயே போய்விடுகின்றன, மறுபாதி அதைத் தாண்டுகின்றன. இரண்டு ஆண்டைத் தொடுபவை ஐந்தில் ஒன்று முதல் நான்கில் ஒன்று வரைதான். எந்த வகை வெள்ளணுவில் தோன்றியது என்பதைப் பொறுத்து இந்த நோயை பி செல், டி செல் என்று பிரிப்பார்கள். பி செல் வகையாக இருந்தால் இந்த எண்கள் பொருந்தும். டி செல் வகையாக இருந்தால் காலம் குறைவு. எந்த வகை என்று காட்டும் பரிசோதனைக்கு ஆகும் செலவு மொத்தத்தில் சிறு பங்குதான், அதைச் செய்யாமல் பெருந்தொகைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். மாத்திரை மட்டும் என்றால் ஒன்று முதல் இரண்டு மாதம்.

இனிக் கடன். நான்கு மாத வருமானத்தை 14 சதவீதத்துக்கு 36 மாதத் தவணையில் வாங்கினால், ஒவ்வொரு மாதமும் வருமானத்தில் 13.7 சதவீதம் தவணைக்குப் போகும், இப்போது மிச்சமாகும் 20 சதவீதத்தில் கையில் நிற்பது 6 சதவீதத்துக்குச் சற்று மேல். மூன்று ஆண்டில் கட்டும் வட்டி மட்டும் ஏறத்தாழ ஒரு மாத வருமானம். இவற்றைவிட என்னை உறுத்துவது வேறொன்று: எல்லாம் நல்லபடியாக நடந்து, அவன் இடைநிலை எண்ணாகிய ஓர் ஆண்டை முழுமையாக வாழ்ந்தாலும், அந்த நாளில் அசலில் 71 சதவீதம் பாக்கி இருக்கும். அவனது படுக்கையை எடுத்து வைத்த பிறகும் 24 மாதம், மாதந்தோறும் வங்கியிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்துகொண்டிருக்கும். வாங்குகிற பொருளின் ஆயுளைவிடக் கடனின் ஆயுள் நீளமாக இருக்கக் கூடாது என்று வண்டி வாங்குகிறவர்களிடம் சொல்வேன். இங்கே அதைச் சொல்வதற்கு எனக்கே கூசுகிறது, ஆனாலும் விதி பொருந்துகிறது. கடன் வேண்டாம். ஓய்வுக்காலச் சேமிப்பும் வேண்டாம். அதை எடுப்பது பிற்காலத்தில் உங்களை நீங்களே தாங்க வேண்டிய ஆண்டுகளிடமிருந்து திருப்பித் தர முடியாத கடன் வாங்குவதற்குச் சமம்.

அப்படியானால் எவ்வளவு செலவழிக்கலாம்? ஐந்து மாதச் செலவுக்கான நிதி உங்கள் கணக்குப்படி நான்கு மாத வருமானத்துக்குச் சமம், அதாவது கீமோ செலவு அதை அடிவரை வழித்தெடுத்துவிடும். மூன்று மாதச் செலவைத் தொடாமல் வைத்துவிட்டு, இரண்டு மாதச் செலவை மட்டும் எடுக்கலாம், அது 1.6 மாத வருமானம். அடுத்த ஆறு மாத மிச்சம் 1.2. இரண்டும் சேர்ந்து 2.8 மாத வருமானம். இதுதான் உங்கள் உச்சவரம்பு, இதில் ஒரு பகுதி மாதா மாதம் வருவது என்பதால் தொடக்கத்தில் கையில் இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இந்த 2.8இலிருந்து சிகிச்சைக்கு எதையும் எடுக்கும் முன், அரை மாத வருமானத்தைத் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். இந்தப் பதிலில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம் என்பேன். கடைசி வாரங்களில் வலி நிவாரணம், குமட்டல் மருந்து, வீட்டுக்கே மருத்துவரை அழைப்பது, அமைதியாக விடைபெறச் செய்யும் ஊசி, அதற்குப் பின் அடக்கமோ தகனமோ என எல்லாமே இதிலிருந்துதான். பெரும்பாலான குடும்பங்கள் இந்தச் செலவைப் பட்டியலின் கடைசியில் எழுதுகின்றன, பணமும் அதற்கு முந்தின வரியிலேயே தீர்ந்துவிடுகிறது.

எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது. சிறுநீரகம் செயலிழந்துகொண்டிருந்த எங்கள் 14 வயது நாயை மூன்றாவது முறையாக உள்நோயாளியாகச் சேர்த்தபோது, இரண்டு முறை இவ்வளவு செலவழித்தாயிற்று, இப்போது நிறுத்தினால் அவ்வளவும் வீண் என்று நினைத்துத்தான் நான் அட்டையைத் தேய்த்தேன். நான்கு நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, முன்காலில் ஊசிக்குழாய்க்காக மயிர் மழித்த இடத்தை நக்கிக்கொண்டே அது குளியலறைத் தரையில் படுத்துவிட்டது, எழவில்லை. மருத்துவர் இரவில் வீட்டுக்கு வருவதற்குத் தனிக்கட்டணம். அட்டையின் வரம்பு முடிந்திருந்தது. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக் கடன் கேட்டுவிட்டு நான் திரும்பி வருவதற்குள் நாற்பது நிமிடம் ஆகிவிட்டது. பிறருக்கு மூழ்கிய செலவைப் பற்றி வகுப்பெடுப்பவன் நான். செலவாகி இனித் திரும்பாத பணத்தைத் துரத்திப் புதுப் பணத்தைப் போடும் இந்த மனப்போக்கை ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் என்ற இரு ஆய்வாளர்கள் 1985இல் சோதனைகள் வழியாகக் காட்டினார்கள் என்பதை மேடையில் சொல்லியிருக்கிறேன். அந்தச் சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்திட்டபோது அது எனக்கு நினைவுக்கு வரவில்லை. அதனால்தான் உங்களிடம், நினைவை நம்பாமல் பணத்தை முன்கூட்டியே பிரித்து வைக்கச் சொல்கிறேன்.

ஆக, சிகிச்சைக்கு மிஞ்சுவது 2.3 மாத வருமானம். முழுத் திட்டத்துக்கு வேண்டியது 4. இடைவெளி பெரியது, ஆனால் மருத்துவர் சொன்ன இரண்டு வழிகளுக்கு நடுவே மூன்றாவது ஒன்று உண்டு. டாக்ஸோரூபிசின் என்ற ஒரே மருந்தை மூன்று வாரத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் ஐந்து தடவை வரை தருவது அது. மருத்துவமனைக்குப் போகும் தடவைகளும், எடுக்க வேண்டிய விடுப்பும், ரத்தப் பரிசோதனைகளும் குறைகின்றன. கிடைக்கும் காலம் முழுத் திட்டத்தைவிடக் குறைவு, மாத்திரையைவிடக் கூடுதல். இதயத் தசையைப் பாதிக்கக்கூடிய மருந்து என்பதால் அவனது இதயத்தை முதலில் பரிசோதிக்க வேண்டியிருக்கலாம், அது மருத்துவர் தீர்மானிக்க வேண்டியது. அவர் சம்மதித்து, மதிப்பீடும் 2.3க்குள் வந்தால், உங்கள் இடத்தில் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். வராவிட்டால் மாத்திரை வழியை எடுத்துக்கொள்ளுங்கள். அது கைவிடுவது ஆகாது, மருத்துவரே முன்வைத்த ஒரு சிகிச்சை அது. ஒன்றே ஒன்று, பிரெட்னிசோலோன் தாகத்தையும் சிறுநீரையும் அதிகமாக்கும் என்பதால், இரவில் இரண்டு முறையாவது எழுந்து அவனை வெளியே அழைத்துப் போக யார் முறை என்பதை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். மருந்தின் விலை மட்டும் எழுதப்பட்டிருந்தால் அது பாதிக் கணக்கு. ஒவ்வொரு தடவையும் மருந்துக்கு முன் எடுக்கும் ரத்த அணுக்கள் எண்ணிக்கை, குமட்டலுக்கான மாத்திரை, வெள்ளணுக்கள் இறங்கிக் காய்ச்சல் வந்தால் ஓரிரு நாள் உள்நோயாளிச் செலவு ஆகியவையும் அதில் இருக்க வேண்டும். மனிதர்களுக்கு வருவதுபோன்ற கடுமையான பக்கவிளைவு நாய்களில் பெரும்பான்மைக்கு வருவதில்லை என்றாலும், சிறுபான்மையில் உங்கள் நாய் இருந்தால் அந்த ஒரு வாரத்தின் ரசீது கனமாக இருக்கும். சிக்கனம் என்று நினைத்து வீட்டிலிருக்கும் வலி மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். பிரெட்னிசோலோனோடு அத்தகைய மாத்திரைகள் சேர்ந்தால் வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசியக்கூடும். இப்போது செல்லப்பிராணிக் காப்பீடு எடுக்கலாமா என்றும் சிலர் கேட்பார்கள். ஏற்கெனவே கண்டறியப்பட்ட நோய்க்கு அது பணம் தராது, கட்டும் பிரீமியம் வீண்.

கீமோதெரபியில் ஒரு பொருளாதார நன்மை இருக்கிறது, அதை மருத்துவமனைகள் அழுத்திச் சொல்வதில்லை: ஒவ்வொரு தடவைக்கும் தனியாகப் பணம் கட்டுகிறோம், எந்தத் தடவைக்குப் பிறகும் நிறுத்தலாம். எனவே முழுத் தொகுப்புக்கு முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தத் தள்ளுபடிக்கு நீங்கள் தரும் விலை, நிறுத்தும் சுதந்திரம். மருந்து வேலை செய்கிறதா என்பது முதல் ஒன்றிரண்டு தடவையிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். தாடைக்கு அடியில் விரல் வைத்துப் பார்க்கும்போது நெல்லிக்காய்போல உருண்ட கட்டி பட்டாணிபோலச் சுருங்கியிருந்தால் தொடருங்கள். இரண்டாவது தடவைக்குப் பிறகும் அப்படியே இருந்தால் மூன்றாவதற்குப் பணம் கட்ட வேண்டாம், மீதியைத் தனிக் கணக்கோடு சேர்த்துவிடுங்கள். நோய் திரும்பி வந்து இரண்டாம் சுற்று பேசப்படும்போதும் இதையே செய்யுங்கள், ஏனெனில் இரண்டாம் முறை நோய் அடங்கியிருக்கும் காலம் முதல் முறையைவிடப் பெரும்பாலும் குறுகியது.

எப்போது நிறுத்துவது என்பதைப் பணத்தால் மட்டும் தீர்மானிக்க முடியாது. கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004இல் வெளியிட்ட மதிப்பெண் முறை ஒன்றை நான் ஆலோசனைக்கு வருபவர்களிடம் தருவதுண்டு. வலியின்மை, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்ற ஏழுக்கும் பூஜ்யம் முதல் பத்து வரை மதிப்பெண் போட வேண்டும். கூட்டுத்தொகை 35ஐத் தாண்டினால் வாழ்க்கைத் தரம் ஏற்கத்தக்கது. ஞாயிறுதோறும் நீங்களும் கணவரும் தனித்தனித் தாளில், ஒருவர் தாளை மற்றவர் பார்க்காமல் போடுங்கள். இரண்டு தாளும் தொடர்ந்து இரண்டு வாரம் 35க்குக் கீழே போனால், அடுத்த தடவைக்கான பணத்தைக் கட்டுவதற்கு முன் மருத்துவரோடு விடைபெறுவது பற்றிப் பேசுங்கள். தாள்களில் பத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால், உங்களில் ஒருவர் அவனைப் பகலில் பார்க்கிறார், மற்றவர் இரவில் பார்க்கிறார் என்றுதான் பெரும்பாலும் அர்த்தம்.

தனிக் கணக்கைக் கணவர் பெயரில் தொடங்குங்கள். அவர் கணக்கில்லாமல் செலவு செய்பவராகத் தெரியவில்லை, நீங்களோ அந்தப் பணத்தை இன்னொரு தடவை மருந்துக்கு எடுத்துவிடுவீர்கள். வீட்டுக்கு வர ஒப்புக்கொள்ளும் மருத்துவர் யார், இரவுக்கும் விடுமுறை நாளுக்கும் என்ன கட்டணம், எடையைப் பொறுத்து மாறக்கூடிய தகனக் கட்டணம் அவன் எடைக்கு எவ்வளவு என்பவற்றை இந்த வாரமே அவர் விசாரித்து எழுதி வைக்கட்டும். முன்கூட்டியே கட்டிவிட முடிந்தால் கட்டிவிடட்டும். மயக்க ஊசி போட்டு, அவன் ஆழ்ந்து உறங்கிய பின்புதான் இரண்டாவது ஊசி போடுவார்கள்; அந்தச் சில நிமிடங்களில் உங்கள் இருவரில் யாரும் அட்டையை எடுக்க உள்ளறைக்குப் போக வேண்டியிராது.