மருந்தே எடுக்காதவருக்கு ஏன் அன்ரிபயோட்டிக் கேட்காமல் போகிறது?

வருடத்துக்கு ஒரு பனடோல் கூடப் போடாத உங்கள் அம்மாவுக்குச் சலக்கடுப்பு வந்து, கொடுத்த அன்ரிபயோட்டிக் கேட்கவில்லை. அவரது உடம்பு எப்படி மருந்துக்குப் பழகியிருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பழகியது அவரது உடம்பு இல்லை, உள்ளே இருக்கும் பற்றீரியா. அதுவும் அவரிடமே பழகியிருக்க வேண்டும் என்றில்லை. ஊரில் வேறு யாரோ குடித்த மருந்துக்குத் தப்பியது இவரிடம் வந்து சேர்ந்திருக்கலாம். பெனிசிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங் 1945இல் தன் நோபல் உரையிலேயே இதைக் கதையாகச் சொல்லிவிட்டார்: தொண்டை நோவுக்குக் கணவன் தானே பெனிசிலின் வாங்கிப் போதாத அளவில் போடுகிறான், தப்பிய கிருமி மனைவிக்குத் தொற்றுகிறது, அவளுக்கு மருந்து கேட்காமல் செத்துப்போகிறாள்.

கோண்டாவிலில் இருக்கும் என் அம்மம்மாவுக்கும் போன வருடம் இதேதான். மூன்று நாள் சிப்ரோ என்ற அன்ரிபயோட்டிக் போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. சலத்தில் உள்ள பற்றீரியாவை வளர்த்து எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் கல்ச்சர் றிப்போட்டில் பாதி மருந்துகளுக்கு நேரே 'ஆர்' என்று இருந்தது. எதிர்ப்பு உண்டு என்று அர்த்தம். ஆய்வுகூடத்தில் கொஞ்சக்காலம் வேலை பழகியவன் என்பதால் அதைச் செய்து பார்க்கும் தட்டு எனக்குத் தெரியும். ஜெலி மாதிரியான ஏகாரில் நோயாளியின் பற்றீரியாவைப் பூசி, மருந்து ஊறிய சின்னக் கடதாசிப் பொட்டுகளை வைத்து ஓரிரவு விடுவார்கள். மருந்து கேட்டால் பொட்டைச் சுற்றித் தெளிந்த வளையம். கேட்காவிட்டால் பொட்டின் விளிம்பு வரை வெள்ளைப் படலம். முதன்முதலில் அப்படி ஒன்றைப் பார்த்தபோது, மருந்தில்லாத வெறும் கடதாசியை வைத்துவிட்டேனோ என்று பயந்தேன்.

சலக்கடுப்புக்குப் பெரும்பாலும் காரணமான ஈ.கோலை என்ற பற்றீரியா, வசதியான இடத்தில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். கணக்குப் போட்டால் 10 மணித்தியாலத்தில் ஒன்று 100 கோடியைத் தாண்டும். அத்தனை பிரதியில் ஒன்றிரண்டு பிழையாக வந்து, அந்தப் பிழையே மருந்தைத் தாங்க உதவினால், மற்றவை செத்த இடமெல்லாம் அதற்குத்தான். இதைவிட வில்லங்கம் பிளாஸ்மிட் என்ற சின்ன டீஎன்ஏ வளையம். பல மருந்துகளுக்கான எதிர்ப்புப் பரம்பரையலகுகள் ஒன்றாக அதில் ஏறியிருக்கும். பக்கத்தில் இருக்கும் வேற்றினப் பற்றீரியாவுக்குக்கூட அதைக் கைமாற்றலாம், சீட்டுக்காசு கைமாறுவது போல.

சரி, இதில் ஊர்ச்சனத்தின் பங்கு என்ன? பாமசி வாசலில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். "தம்பி, தடிமன். போனமுறை தந்த கப்சூலையே ரெண்டு நாளைக்குத் தாங்கோ, கணக்க வேண்டாம்." தடிமன் வைரஸால் வருவது, அந்தக் கப்சூலில் இருக்கும் அமொக்சிசிலின் என்ற அன்ரிபயோட்டிக் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் குடலில் தன்பாட்டில் கிடக்கும் பற்றீரியாக்களில் தாங்கக்கூடியவற்றை மட்டும் விட்டுவைக்கும். அவை மாதக்கணக்கில் அங்கே இருந்து, கழுவாத கையிலும் சாப்பாட்டிலும் அடுத்தவரிடம் போகும். கோர்ஸை முடிக்காததுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பது பாதிக்கதை. தேவையில்லாமல் தொடங்குவதுதான் பெரிய பிழை என்பேன். அதற்காக டொக்டர் சொன்ன நாளுக்கு முன் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

யாழ்ப்பாணத்தில் தண்ணீரையும் சொல்ல வேண்டும். வெடிப்புள்ள சுண்ணாம்புக்கல், மேலே கொஞ்ச மண், ஒரே வளவுக்குள் கிணறும் மலக்குழியும். இங்கே கிணற்றுத் தண்ணீரில் ஈ.கோலை இருப்பதை ஆய்வுகள் பலமுறை காட்டியிருக்கின்றன. கொதிக்க வைத்துக் குடியுங்கள். மருந்துக்கு அசையாத பற்றீரியாவும் கொதிநீரில் சாகும்.

அம்மாவுக்குத் திரும்ப வந்தால், முதல் குளிசை போடுவதற்கு முன்பே கல்ச்சருக்குச் சலம் கொடுக்கலாமா என்று டொக்டரிடம் கேளுங்கள். அம்மம்மாவை வார்ட்டில் வைத்து ஏழு நாள் ஊசி போட்டுத்தான் சுகமாக்கினார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால், மிஞ்சிய சிப்ரோவைப் பிஸ்கட் தகரத்துக்குள் பத்திரமாக வைத்திருக்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் ஆருக்கும் உதவுமாம். அதை அவரிடமிருந்து வாங்க அரை மணித்தியாலம் சண்டை பிடித்தேன்.